ரிக் வண்டிக்குள் ஓர் ஆகாயக் கப்பல்

பூபதியிடம் இருந்தது அசல். என்னிடம் இருந்தது போலி. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவனிடம் மாற்றிச் சொன்னேன்!

இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்கள்... அதிலேயே என் யோக்கியதை தெரிந்துவிடும்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகாயக் கப்பல்கள். விமானங்கள் பெருங்கடல்களைத் தாண்டப் பழகுவதற்கு முன்னால், மனிதர்களை ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் மிதந்து போன ராட்சதங்கள். சுருட்டு வடிவம். உள்ளே வாயுப் பைகள், அவற்றைச் சுற்றி அலுமினியக் கலவையில் ஓர் எலும்புக்கூடு, வயிற்றுப் பகுதியில் படுக்கை அறைகள், சாப்பாட்டுக் கூடம், கீழே நகரும் கடலைச் சாய்ந்து நின்று பார்க்க ஜன்னல் வரிசை. ஒன்றில் பியானோகூட இருந்தது! எடை கூடிவிடக் கூடாதென்று அதையும் அலுமினியத்திலேயே செய்தார்களாம்.

பிறகு சில எரிந்தன. சில உடைந்தன. மிச்சத்தைப் பழைய உலோகமாக உருக்கிவிட்டார்கள். இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை கரண்டிகள், தபால் அட்டைகள், பயணிகளின் பெட்டியில் ஒட்டிய சீட்டுகள், துணிக் கிழிசல்கள், எலும்புக்கூட்டின் சில துண்டுகள். அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நான்.

நாமக்கல்லில், கோழித்தீவனக் கிடங்குக்கு மேலே இருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர்க் கம்பெனிக்கு இயந்திர வரைபடம் போட்டுத் தருகிறவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? எனக்கே தெரியாது. கல்லூரியில் உலோகவியல் பாடத்தில் ஒரு படம் காட்டினார்கள். வகுப்பே தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது!

முதன்முதலாக ஜெர்மனியிலிருந்து ஒரு கரண்டி வந்து சேர்ந்தபோது அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏஞ்சாமி, நம்ம ஊட்டுல கெடக்கற கரண்டி பத்தாதுன்னா சீமையில இருந்து வரவெச்ச? இதுல ரசங்கூட நிக்காதாட்ட இருக்குது."

அந்தக் கரண்டியில் தொடங்கி, அட்டைகள், சீட்டுகள் என்று சேர்த்து, கடைசியில் இணையத்தில் ஒருவனிடம் பேரம் பேசி ஒரு கர்டர் துண்டை வாங்கினேன். எலும்புக்கூட்டின் துண்டு! ஒரு முழ நீளம். கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் வைத்தேன். யாரையும் தொடவிடமாட்டேன். எங்கள் பக்கத்தில் பழைய நாணயம் சேர்ப்பவர்கள், தபால்தலை சேர்ப்பவர்கள் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசும்போது அந்தத் துண்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அது போதும். அதற்காகவே வாழ்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பூபதி என்னோடு கல்லூரியில் படித்தவன். திருச்செங்கோட்டுக்காரன். அவன் அப்பாவுக்கு ரிக் வண்டிகள், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகள், நான்கைந்து உண்டு. வருடத்தில் பாதி நாள் அவை வடக்கே எங்காவது நிலத்தைக் குடைந்துகொண்டிருக்கும். பூபதிக்கும் அந்தத் தொழில்தான் என்று பிறக்கும்போதே முடிவாகிவிட்டது. அவனுக்கு மட்டும் அதில் மனம் போகவில்லை.

அவனுக்கு ஆகாயக் கப்பலைக் காட்டியது நான். புத்தகம் கொடுத்தது நான். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொல்லித் தந்ததும் நான்தான். அவன் சேர்த்ததெல்லாம் சின்னச் சின்ன அட்டைகள். வாங்கிய கையோடு என்னிடம் ஓடிவருவான். "நீ பாத்துச் சொல்லு மாப்ள. நீ சொன்னா செரி." எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? எனக்குக் கீழே ஒருவன்... எப்போதும் கீழேயே இருக்கப்போகிறவன்!

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவன் புல்லட் சத்தம் கேட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தான். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. என் மேஜைமேல் கிடந்த முட்டை அட்டைகளை ஒதுக்கிவிட்டு அதைப் பிரித்தான்.

"ஏற்காட்டுல எங்க அத்தை ஊட்டுக்காரர் ஒரு பழைய பங்களாவ லீசுக்கு எடுத்திருக்கறாருல்ல? கட்டில் தூக்கப் போனேன். செவுத்தலமாரிக்குள்ள கெடந்துச்சு. எந்தக் காலத்துத் தொரையோ வெச்சுட்டுப் போனது. தூக்குனதீமே எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு மாப்ள. நீ பாரு!"

துளை துளையாக இருந்த ஒரு கர்டர் துண்டு. என் கையில் வைத்தான்.

பார்த்தால் கனமான இரும்புபோல இருந்தது. அந்த எடைக்குத் தயாராகக் கையை இறுக்கியிருந்தேன். ஆனால் எடையே இல்லை! கை தானாக மேலே போய்விட்டது. அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாமே தெரிந்துவிட்டது.

"கட்டில் தூக்கப் போனானாம்!" இதுதான் எனக்குள் ஓடிய முதல் வார்த்தை. நான் வருடக்கணக்கில் கண் எரிய இணையத்தில் தேடினேன். அந்நிய நாட்டுக் கிழவர்களுக்குக் கெஞ்சிக் கெஞ்சி எழுதினேன். இவன் கட்டில் தூக்கப் போய் அலமாரியைத் திறந்தான்... அவ்வளவுதான்! யாரோ எனக்கென்று எடுத்து வைத்திருந்ததை, வழியில் போன இவன் கையில் கொடுத்துவிட்டதுபோல வயிறு எரிந்தது.

"ஒரு வாரம் வெச்சிரு. நிதானமாப் பாத்துட்டுச் சொல்லு" என்றான் பூபதி. "எங்கப்பங்கிட்ட சொல்லிட்டேன். சேலம் கண்காட்சியில நடு டேபிள்ல வெக்கப் போறேன்னு. அவரும் வரேன்னுட்டாரு மாப்ள! 'காயலாங்கடைச் சாமானப் பொறுக்கறவன்'னு இத்தன நாளும் திட்டுனவரு, நேர்ல வந்து பாக்கறேங்கறாரு. இது மட்டும் ஒரிஜினலா இருந்துச்சுன்னா, ரிக்குக்குப் போன்னு இனி என்னையச் சொல்லமாட்டாரு. அருங்காட்சியகப் படிப்புக்குச் சேர்ந்துக்கறேன்னு கேட்டிருக்கேன். 'மொதல்ல உன்ற கண்ணு எப்பிடின்னு பாக்கறேன்'னுருக்காரு."

இப்போது உங்களுக்குப் புரிகிறதா, அவன் என் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று? வெறும் உலோகத்தையா கொடுத்தான்!

அவன் போனதும் என் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். முதன்முறையாக இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவனுடையதில் எடை குறைப்பதற்காகப் போட்ட துளைகளின் விளிம்பு உள்பக்கமாக வழவழவென்று மடிந்திருந்தது. அச்சில் வைத்து அழுத்தியது. இடுக்குகளில், துணி புகாத இடத்தில், அந்தக் காலத்துத் துருத்தடுப்பு வார்னிஷின் நீலம். படங்களில் நான் எத்தனை முறை பார்த்த நீலம்!

என்னுடையதில் துளைகள் டிரில் போட்டவை. விளிம்பு விரலைக் கீறியது. பின்பக்கம் திருப்பினேன்... அங்கே பாப் ரிவெட். நடுவில் குழி விழுந்த, இந்தக் காலத்து லாரித் தகடுகளை இணைக்கிற சாதாரண ஆணி!

நான் எந்த ஊர்க்காரன்? தெருவுக்குத் தெரு லாரி பாடி கட்டுகிற ஊரில் பிறந்தவன். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பட்டறைகள். பாப் ரிவெட் அடிக்கிற சத்தத்தில் வளர்ந்தவன். நாமக்கல்லில் எந்தச் சின்னப் பையனும் பார்த்ததும் சொல்லியிருப்பான்: "அண்ணா, இது லாரித் தகடுங்க." நான் வருடக்கணக்கில் அதைக் கண்ணாடிக்குள் வைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாங்கிய அன்றே பின்பக்கத்தைப் பார்த்தவன்தானே நான்? பார்த்தேன். பார்க்காதவன்போல எனக்கே நடித்துக்கொண்டேன்...

அழுகை வரவில்லை. பூபதிமேல் கோபம் வந்தது! அவன் அந்தத் துண்டைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் என்னுடையது அசலாகவே இருந்திருக்கும் அல்லவா?

அந்த வாரம் முழுவதும் அவன் துண்டை மடியில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். அதன் துளைகளில் விரலை விட்டு விட்டு எடுத்தேன். ஒரு காலத்தில் மேகத்துக்குள் போன பொருள்... அதைச் சுற்றி மனிதர்கள் தூங்கியிருக்கிறார்கள், காப்பி குடித்திருக்கிறார்கள். அது ஏன் என்னுடையதாக இல்லை? ஏன்?

அவன் வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வரப் பயம்.

"சொல்லு மாப்ள."

"டூப்பு" என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? கூடவே காரணங்களும் வந்தன. "அந்த நீலம் இருக்குது பாரு, அது பின்னால அடிச்ச பெயிண்ட். என்ற துண்டப் பாரு, நீலமே கெடையாது. ஓட்ட விளிம்பும் வேற மாதிரி. எவனோ அந்தக் காலத்துல ஞாபகார்த்தமா செஞ்சு வித்திருக்கறான்." என் போலியை அளவுகோலாக வைத்து அவன் அசலை அளந்து காட்டினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் பணிவாக எட்டிப் பார்த்தான். பெட்டியை நான் திறக்கவில்லை.

பூபதி மேஜையில் கிடந்த தன் துண்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அட, கிறுக்கனாட்டம் எங்கப்பங்கிட்ட வேற பீத்திட்டேன். நல்லவேளை மாப்ள... டேபிள்ல வெச்சுட்டு, நாலு பேரு முன்னால எவனாச்சும் டூப்புன்னு சொல்லியிருந்தா தூக்குல தொங்கியிருப்பேன். நீ காப்பாத்திவிட்ட."

நான் காப்பாற்றினேனாம்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை. அப்போது என் மனதில் இருந்தது பொறாமை மட்டுமல்ல, ஒரு கணக்கும் இருந்தது. "டூப்புதானே, இங்கயே போட்டுட்டுப் போ" என்றேன், அலட்சியமாகச் சொல்வதுபோல. கையை நீட்டக்கூட நீட்டினேன். அவன் போட்டுவிட்டுப் போயிருந்தால்... சில வருடம் கழித்து நானே அதைக் "கண்டுபிடித்திருப்பேன்".

ஆனால் பூபதி தலையை ஆட்டினான். "ச்சே, உன்ற கலெக்சன்ல போயி டூப்ப வெக்கறதா? உனக்குக் கேவலம் மாப்ள." மறுபடியும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என்மேல் அவன் வைத்திருந்த மரியாதையே அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. என்ன சொல்ல!

சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களின் கண்காட்சி நடந்தது. நடு மேஜையில் என் கண்ணாடிப் பெட்டி. பின்பக்கம் தெரியாமல் கறுப்புத் துணி. பூபதி வந்தான், ஒரு பொறாமைச் சுவடும் இல்லாமல் வந்தான்! அவன் அப்பாவும் வந்திருந்தார். நாணயக்காரர் ஒருவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ற பையனும் ஒண்ணு கொண்டாந்தானுங்க. டூப்புன்னுட்டாங்க. போச்சாது, போவுது விடுங்க, இனி ஒழுங்கா ரிக்குக்கு வருவான்."

பூபதி அதைக் காதில் வாங்காதவன்போல, கூட்டமாக வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு என் துண்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். "இதே மாதிரி ஒரு கல்யாண மண்டபம், சோத்துப் பந்தி, கச்சேரியோட சேத்து அப்பிடியே வானத்துல போனா எப்பிடி இருக்கும்? கீழ நாமக்கல் கோட்டை தெரியுது, காவேரி தெரியுது..." பிள்ளைகள் வாயைப் பிளந்து மேலே பார்த்தன. மண்டபத்தின் மின்விசிறிகளைத்தான் பார்த்தன. ஆனாலும் பார்த்தன!

நான் சொல்லி யாரும் அப்படி வாயைப் பிளந்து கேட்டதில்லை. நான் நீளம், அகலம், குதிரைத்திறன் சொல்வேன். அவன் அவர்களை ஏற்றிக்கொண்டே போய்விட்டான். எல்லாவற்றையும் பறித்த பிறகும் எனக்கு அவன்மேல் பொறாமைதான் வந்தது...

சில வாரங்களில் அவனிடமிருந்து வீடியோ கால். அவர்களுக்குப் புது ரிக் வண்டி வந்திருந்தது. பட்டறை இரைச்சலுக்கு நடுவே கத்தினான்: "மாப்ள, இங்க பாரு! அந்த டூப்புத் துண்டு கேபின்ல சாமி படம் வெக்கறதுக்குன்னே செஞ்சாப்பல இருக்குது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் அறுத்துவிட்டா கரெக்டா உக்காந்துக்கும். சும்மா கெடக்கறதுக்கு இதாச்சும் ஆவட்டும்."

திரையில் ஒருவர் கையில் கிரைண்டரோடு நின்றிருந்தார். சக்கரம் சுற்ற ஆரம்பித்திருந்தது.

நிறுத்து என்ற ஒரு சொல். ஒரே ஒரு சொல்தான்! வாயில் வந்துவிட்டது. ஆனால் அதற்கு அடுத்து அவன் "ஏன்?" என்று கேட்பானே...

"சூப்பரா இருக்கும் மாப்ள" என்றேன்.

கிரைண்டர் அதன்மேல் இறங்குவதைப் பார்த்தேன். நான் ஃபோனை வைக்கவில்லை. கடைசிவரை பார்த்தேன். மனதின் அடியில் இன்னும் என்ன இருந்தது என்று என்னைக் கேட்டால்... ஆமாம், ஓர் ஓரத்தில் நிம்மதி இருந்தது. இனி யாரிடமும் இருக்காது, அவனிடமும் இருக்காது!

பிறகு அதன்மேல் சில்வர் பெயிண்ட் அடித்தார்கள். முருகன் படமும் குலதெய்வத்தின் படமும் அதில் ஏறின. பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டி வடக்கே போனது. அதோடு பூபதியும் போனான். படிப்பைப் பற்றி அப்புறம் அவன் பேசவே இல்லை. அட்டைகளையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டான். "எனக்கு அந்தக் கண்ணு இல்ல மாப்ள. நீ வெச்சுக்க."

அந்த அட்டைகள் என் அலமாரியில் இருக்கின்றன. திறப்பதில்லை.

மீட்க முயன்றேனா என்று கேட்பீர்கள். முயன்றேன். ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு வண்டிகள் ஊர் திரும்பியபோது, தேக்கில் அழகாக ஒரு ஸ்டாண்டு செய்வித்து எடுத்துக்கொண்டு போனேன். "பழசு கறுத்துப் போச்சு, இத மாட்டிக்கலாம்" என்றேன். டிரைவர் முருகேசண்ணன் என்னைப் பார்த்த பார்வை!

"என்னங் தம்பி இப்பிடிச் சொல்லீட்டீங்க? அந்த ஸ்டாண்டு ஏறுன நாள்ல இருந்து போட்ட போர்வெல் பாயிண்டெல்லாம் தண்ணி. பக்கத்துலயே இன்னொருத்தன் வண்டி தூசியாக் கக்குது, நம்முளுது பீச்சி அடிக்குது. சாமி உக்காந்த எடத்தக் கழட்டறதாவது! வேணும்னா உங்க தேக்க டூல்ஸ் பொட்டி மேல வெக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பூபதியும் சிரித்தான். வண்டியில் ஏற்றிய பிறகு சாமி ஸ்டாண்டை இறக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனேன். அதைக் காப்பாற்றத்தான் போனேனா, அல்லது என் பையில் போட்டுக்கொண்டு வரத்தான் போனேனா? உண்மையாகவே தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா?

இந்த வருட ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. வண்டிகள் வரிசையாக, கழுவி, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து நின்றன. பூபதி கேபினுக்குள் ஏறி என்னையும் ஏற்றிக்கொண்டான். வெயிலில் கறுத்திருந்தான். கை காய்த்திருந்தது. படங்களுக்குப் பூ வைத்தான், ஸ்டாண்டு நெடுகச் சந்தனம் தடவினான். துளை துளையாக, விட்டுப் போகாமல், மெதுவாக. அந்தச் சந்தனத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது! என் கண்ணாடிப் பெட்டியை யாராவது இப்படித் தொட்டிருக்கிறார்களா?

அவன் கை நின்றது. வெளியே யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"இது நெசமாலுமே டூப்புதானா? இல்ல... எனக்கு இன்னமும் மனசுல ஒரு ஓரத்துல இருக்குது. அன்னைக்குத் தூக்குனப்ப கை சும்மா மேல போச்சு பாரு... அது பொய் சொல்லுமான்னு தோணுது. ஒருவேள நீ அவசரத்துல பாத்திருந்தீன்னா..."

ஐயோ! அவன் கதவைத் திறந்து வைத்தான். நான் நுழைவதற்கு வசதியாக, "அவசரத்துல" என்று ஒரு சாக்கையும் அவனே எடுத்துக் கொடுத்தான். "ஆமாண்டா, மறுபடி பார்க்கணும்" என்றாலே போதும்.

ஏன் சொல்லவில்லை? பயமா? பயமும்தான். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது வேறு. பூதக்கண்ணாடி இல்லை, புத்தகம் இல்லை, அவன் கைக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் நான் பொய் சொல்லி மூடியும், அந்தக் கை இன்னும் மறக்கவில்லை! என் கையோ, தன்னிடம் இருந்த போலியை வருடக்கணக்கில் அசல் என்று தடவிய கை. அந்தக் கண்ணு தனக்கில்லை என்று விட்டுப் போனவனிடம்தான் அது இருக்கிறது... எனக்குத்தான் இல்லை. அதை அவன் வாயாலேயே கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை.

"டூப்புதான்டா" என்றேன். "நான் நல்லாப் பாத்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சந்தனக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"செரி விடு. நீ சொன்னா செரி. கேட்டுட்டன்ல, இனிமேட்டுக்குக் கேக்கமாட்டேன்."

கேபினிலிருந்து குதித்து இறங்கினான். "அண்ணா, பூசணிக்காயச் சுத்துங்க, நேரமாச்சு!" என்று கத்திக்கொண்டே போனான்.

பூபதி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். இனி அவன் கேட்கமாட்டான். இனி நான் புதிதாக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும்.

இருக்கிறேன்.